மீன் செத்தால் நல்லது

ஆ-லுவான் குடையை மடக்கி, ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"இன்னொண்ணும் செத்துருச்சு, ஆ-லுவான். வந்து பாரு."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால் தைச்சுங்கில் கட்டிக்கொடுத்த பேத்திக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். செத்தது விரல் நீளத்துக்கு ஒரு நீல மீன். வாசல் கதவுக்கு இடப்பக்கம் வைத்திருந்த கண்ணாடித் தொட்டியில், மணல் மேல் சாய்ந்து கிடந்தது. கண் வெளுத்துவிட்டது. வயிற்றில் நத்தை ஒன்று ஏறி உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

ஆ-லுவானுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மீனைப் பார்த்துக் குமட்டுகிற உடம்பு இல்லை அவளுடையது. துறைமுகத்துக்குப் பின்சந்தில் மீன் வடை போடும் பட்டறை ஒன்றில் வருஷக்கணக்காக வேலை. விடியுமுன்னே போய், ஐஸில் விறைத்துக் கிடக்கும் சுறாவையும் பல்லி மீனையும் தோலுரித்து, முள்ளெடுத்து, சதையைச் சுரண்டி, உப்புப் போட்டு அரைத்து, வடை தட்டி எண்ணெயில் போட்டு, சூப்புக்கு உருண்டை பிடித்துப் பட்டறையின் சிவப்பு முத்திரை குத்துகிற வேலை. மத்தியானம் வீடு திரும்பும்போது நகக்கண்ணிலிருந்து தலைமயிர் வரை மீன் வாடை. எலுமிச்சைத் தோலைத் தேய்த்துப் பார்த்தாள், இஞ்சியைத் தேய்த்துப் பார்த்தாள், பற்பசையைக்கூடத் தேய்த்துப் பார்த்தாள். போகாது. கீலுங் ஊரில் மழையும் விடாது, துணியும் காயாது, வாடையும் போகாது. அவள் இந்த உலகத்தில் கேட்டதெல்லாம் ஒன்றுதான், வீட்டுக்குள் மீன் இருக்கக்கூடாது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை. பன்றிக்கறியும் முட்டையும் கீரையும்தான். இப்போது தொட்டி வைத்து, தண்ணீர் ஊற்றி, மீன்கள் வந்து குடியேறி, ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

"எடுத்துப் போட்டுரு. ரொம்ப நேரம் கிடக்கக்கூடாதுன்னு வாத்தியார் சொல்லியிருக்காரு" என்றாள் மாமியார்.

"நீங்க வீட்டுலதானே இருந்தீங்க. ஒரு கரண்டியால எடுத்துப் போட்டுருக்கலாமே."

"நான் எப்படித் தொடறது? நான் உன் புருஷனைப் பெத்தவ. அவன் ரத்தம். தொட்டா அது திரும்ப எங்கமேலயே ஏறிக்கும். வெளி ரத்தந்தான் எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?"

வெளி ரத்தம். இந்த வீட்டுக்கு வாழ வந்து, ஒரு பெண்ணைப் பெற்றுக் கொடுத்து, அவளுக்குக் கல்யாணமும் செய்து வைத்தாயிற்று. அந்தப் பெண் உள் ரத்தமாம், பெற்றவள் வெளி ரத்தமாம். லியாவ் வாத்தியார் கண்டுபிடித்த கணக்கு இது. ஆ-லுவான் கையை உள்ளே விட்டாள். தண்ணீர் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. நத்தையைப் பிய்த்துவிட்டு, மீனைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, நாலு மாடி இறங்கி, மழையில் நனைந்துகொண்டு தெருமுனைச் சாக்கடையில் போட்டாள். வீட்டுக் குப்பையில் போடக்கூடாதாம். அதுவும் வாத்தியார் சொன்னதுதான்.

எல்லாம் ஹோக்-செங் கழுத்தில் வந்த கட்டியால் வந்த வினை.

ஹோக்-செங் அவள் புருஷன். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவன். முகச்சவரம் செய்யும்போது காதுக்குக் கீழே கையில் உருண்டை ஒன்று தட்டுப்பட்டது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மாசம் பொறுத்துப் பார்ப்போம், கரையாவிட்டால் ஊசி விட்டு உறிஞ்சிச் சோதிப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்கு இரண்டு மாசம் என்பது நாட்காட்டியில் இரண்டு தாளைத் தள்ளிப் போடுவது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அப்படியா. அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டி என்றுகூடச் சொல்லாமல் "அது" என்றே சொன்னார்கள்.

மாமியார் மகனை இழுத்துக்கொண்டு லியாவ் வாத்தியாரிடம் போனாள். வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம், கட்டில் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிற ஆள். அவர் ஹோக்-செங்கின் பிறந்த நேரத்தைக் கேட்டார், அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டார். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர், உடம்பும் கிடைக்கவில்லை. வாத்தியாருக்கு அது போதும். கடல் இந்த வீட்டில் இன்னொரு ஆளைக் கேட்கிறது, அதற்குப் பதில் ஆள் கொடுக்க வேண்டும் என்றார். மனுஷனுக்குப் பதில் மீன். நல்ல தண்ணீர் மீன் செல்லாது, கடல் மீனாகவே இருக்க வேண்டும். வாசலில் வை, வருகிறதை அது வாங்கிக்கொண்டு சாகும், செத்தால் அடுத்ததை விடு.

"அப்ப மீன் செத்தா நல்லதா, வாத்தியாரே?" என்று ஹோக்-செங் கேட்டானாம்.

"செத்தா நல்லது. ஒவ்வொண்ணுக்கும் உன் கணக்குல விழ வேண்டிய ஒரு அடி குறையுது."

ஹோக்-செங் வீட்டுக்கு வந்து சிரி சிரி என்று சிரித்தான். தொழிற்சங்கத்தில் கொடி பிடித்தவன், கோயிலில் சாமியாடுகிறவர்களைப் பார்த்தால் முகத்துக்கு நேரே சிகரெட் ஊதுகிறவன். "எங்கம்மா மனசு ஆறட்டும், ஆ-லுவான். ஒரு தொட்டிதானே" என்றான்.

"அதுக்கு ஊர்ல சாகற மீனையெல்லாம் நான்தான் அள்ளணுமா?"

"சாகறது மீனு. நோகறது உனக்கா?"

தொட்டி வந்தது. அதை வைத்த கதையைச் சொன்னால் இந்த ஊர்க்காரர்களே தலையில் அடித்துக்கொள்வார்கள். கடல் ஊர்க்காரன், கடலைப் பற்றி எனக்கா சொல்லித் தருகிறாய் என்கிற திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வளர்ப்பு மீன் கடைக்காரி மேய்-குய் உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டி, நல்ல தண்ணீரில் இதைக் கரைத்து ஊற்று என்று சொல்லியிருக்கிறாள். "கடலுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்பைக் காசு குடுத்து வாங்கவா?" என்று கேட்டுவிட்டு வந்தான் ஹோக்-செங். பளுதூக்கி நிற்கிற துறைக்குப் பின்னாலேயே டப்பாவை இறக்கி மொண்டு வந்தான். சரக்குக் கப்பல் நிற்கிற தண்ணீர். வெளிச்சத்தில் பார்த்தால் மேலே எண்ணெய் மினுங்கியது. வடக்குக் கரையிலிருந்து மணல் அள்ளி வந்து குளியலறையில் அலச, குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. அழகாக இருக்கட்டும் என்று பாறை இடுக்கிலிருந்து ஒரு கல்லையும் பெயர்த்துக்கொண்டு வந்தான்.

அந்தக் கல்லில் ஏதேதோ உயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அலையடிக்கிற இடத்தில் வாழ்ந்தவை, அசையாத தண்ணீரில் என்ன செய்யும்? எல்லாம் செத்தன. செத்து அழுகின. கல்லிலிருந்து சளி மாதிரி ஒன்று தொங்கியது. தண்ணீர் கஞ்சிக் கலரில் மாறியது. முட்டை அழுகிய நாற்றம் வாசலிலிருந்து படுக்கை வரை வந்தது. ஆ-லுவான் பட்டறையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், பட்டறையே தேவலை என்றிருந்தது.

"தண்ணி பழுக்கணும்னு கடைக்காரி சொன்னாளாமே. வெறும் தண்ணியை ஒரு மாசம் ஓட விடணுமாம்" என்றாள் ஆ-லுவான்.

"வெறும் தண்ணி எதைத் தடுக்கும்? அதுக்கு உயிரு இருக்கா?" என்றாள் மாமியார். "அந்த ஒரு மாசத்துல இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

அன்றைக்கே மீன்களை விட்டார்கள். அன்றைக்கே ஒன்று செத்தது. மாமியார் சாமி மேடையில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். பிறகு படியில் இறங்கி மூன்றாம் மாடிக்காரியிடம் சொன்னாள். அவள் இரண்டாம் மாடிக்காரியிடம் சொன்னாள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் ஆ-லுவானைப் பார்த்து, "போயிடுச்சாமே, நல்லது, நல்லது" என்றார்கள். நல்லதை எடுத்துச் சாக்கடையில் போட்டவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மீன் தீர்ந்தால் வாங்கிவர வேண்டியதும் அவள்தான். மேய்-குய்யின் கடை பாலத்துக்குக் கீழே, வரிசையாகத் தொட்டிகளும் பம்பு சத்தமுமாக இருக்கும். அவள் நல்ல குண்டு. தொட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டுச் சோற்று டப்பாவை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க அக்கா. மறுபடியும் சாவு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. நீல மீனு குடு."

"நீலமா? விலை மலிவா இருக்குன்னு அதையே வாங்கிட்டுப் போறீங்க. உங்களை மாதிரி வர்றவங்களுக்குன்னே அந்தத் தொட்டியைத் தனியா வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் அதுக்குப் பேரே வச்சிட்டாரு, பலிக்கூடைன்னு."

"என்னை மாதிரி நிறையப் பேரு வர்றாங்களா?"

"வராம? கடை தொறக்கிறவன், பரீட்சை எழுதறவன் வீடு, நோயாளி வீடு. வாங்கிட்டுப் போயி கொன்னுட்டு, நிம்மதியாயி, திரும்ப வாங்க வர்றாங்க. எனக்கென்ன, யாவாரம்." அவள் எலும்பை டப்பா மூடியில் துப்பினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், அக்கா. கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டு மீனு யாருக்காகவும் சாகலை. அதுங்க மூத்திரத்துலயே அதுங்க சாகுது. தண்ணி பழுக்கலை. அந்த அழுக்கைத் தின்னுற கிருமி இன்னும் உண்டாகலை. புதுத் தொட்டி எதுல விட்டாலும் மொத மீனு செத்துத்தான் தீரும்."

ஆ-லுவான் காசு எடுக்கத் திறந்த பையை மூடினாள்.

"சாகாம இருக்கணும்னா என்ன செய்யணும்?"

மேய்-குய் நிமிர்ந்து பார்த்தாள். "சாகாமலா? சாகறதுக்குத்தானே உங்க மாமியார் வாங்குறாங்க?"

"எனக்குச் செத்ததை அள்ளி அள்ளிக் கை வெந்து போச்சு. நாள் பூரா பட்டறையில அதே வேலை. வீட்டுலயாவது ஒண்ணு உயிரோட கிடந்துட்டுப் போகட்டும்."

இதில் கருணை ஒன்றும் இல்லை. அருவருப்புத்தான். இன்னொரு தடவை அந்த வெளுத்த கண்ணை விரலால் தொடக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

மாமியார் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கோயிலுக்குப் போவாள். அந்த அமாவாசையன்று ஆ-லுவான் பட்டறைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். துறைமுகத் தண்ணீரை வாளி வாளியாகக் கழிவறையில் கொட்டினாள். சளி தொங்கிய கல்லை எடுத்தபோது அடியிலிருந்து கருப்பாகக் குழம்பு வழிந்தது. அதற்குள் சிவப்பு மயிர் வைத்த புழு ஒன்று, கை நீளத்துக்கு, நெளிந்து நெளிந்து வந்தது. அவள் கழிவறைக்கே ஓடி, காலையில் குடித்த கஞ்சியையெல்லாம் எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். உப்பைக் கரைத்தாள். மேய்-குய் கொடுத்த மிதவையை விட்டு உப்பு சரியா என்று பார்த்தாள். கடை மணலையும், மேய்-குய் தன் பழைய தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கல்லையும் வைத்தாள். அந்தக் கல்லில் கிருமி ஊறியிருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

"என்ன, தண்ணி தெளிஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் மாமியார் திரும்பி வந்து.

"தூசி அடங்கியிருக்கும்."

தெளிந்தது இரண்டு நாள்தான். பிறகு கல்லிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒன்று படிந்தது. துடைத்தால் மறுநாள் திரும்பப் படியும். ஹோக்-செங் அதைக் குப்பைத்தொட்டி என்றே கூப்பிட ஆரம்பித்தான். ஆ-லுவான் தினமும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். வாரம் ஒரு வாளி தண்ணீர் மாற்றினாள். மீன் எதுவும் விடவில்லை. கடையில் மீன் வரத்து இல்லை, புயல் சீசன் என்று மாமியாரிடம் பொய் சொன்னாள். மாமியார் நம்பினாள். கடல் ஊரில் புயல் என்றால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

அப்புறம் ஒருநாள் பழுப்பு தானாகவே போய்விட்டது. நாற்றம் இல்லை. மூக்கை வைத்துப் பார்த்தாள், மழை நின்ற காலையில் கரையில் நின்றால் வருமே, அந்த வாசனைதான் வந்தது. மேய்-குய் ஒரே ஒரு மீனைப் பிடித்துக் கொடுத்தாள். ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை, கோமாளி மீன் என்பார்கள். அதன் பட்டைகளில் ஒன்று கோணலாகப் பாதியில் நின்றுவிட்டிருந்தது. அதனால்தான் விலை குறைவு.

அது சாகவில்லை.

மாமியார் முதல் வாரம் பொறுத்தாள். இரண்டாம் வாரம் ஊதுபத்தியைக் கூட்டினாள். அப்புறம் காலையில் எழுந்ததும் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள்.

"இது ஏன் இன்னும் சாகலை?"

"நல்ல மீனு போல" என்றாள் ஆ-லுவான்.

"நல்ல மீனு எதுக்கு எனக்கு? வர்றதை வாங்கறதுக்குத்தானே விட்டோம்? இது எதையும் வாங்கலை. அப்ப வர்றது எங்க போகுது?"

சோற்று மேசையில் உட்கார்ந்துதான் இதைக் கேட்டாள். பொரித்த முட்டை ஆறியது. ஹோக்-செங் கழுத்துப் பக்கம் போன கையை இறக்கிக்கொண்டு சிரித்தான்.

"செத்தா நல்லது, பொழச்சா கெட்டது. அம்மா, உங்க வாத்தியாரு கணக்கு ரொம்பத் தங்கமான கணக்கு. மீனு பொழச்சிருந்தா வீட்டுல யாரும் சாகலைன்னும் வச்சுக்கலாம்ல."

"வாயைக் கழுவுடா."

"நான் என்ன சொல்லிட்டேன்?"

"நீ ஒண்ணும் சொல்லலை. இவதான் ஏதோ செய்யறா. இவ கை பட்டதுலேருந்துதான் சாவு நின்னுச்சு." மாமியார் சாப்பாட்டுக் குச்சியை ஆ-லுவானை நோக்கி நீட்டினாள். "தினம் பட்டறையிலேருந்து இறால் கொண்டாந்து ஊட்டறியாமே? மூணாம் மாடிக்காரி சொன்னா. புருஷனுக்கு ஊட்டினியா ஒருநாள்?"

"உங்க மகனுக்கு வாய் இருக்கு, கை இருக்கு. அவரு தின்னுக்குவாரு."

ஹோக்-செங் அதற்கும் சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் தொட்டிப் பக்கம் வந்து நிற்பதை ஆ-லுவான் கவனித்தாள். வேலையிலிருந்து வந்து மழைக்கோட்டைக் கழற்றாமலேயே நிற்பான். மீன் அவனைப் பார்த்துக் கண்ணாடியில் வாயை வைத்து வைத்து எடுக்கும். அது இறாலுக்காக. அவன் அதை வேறு எதற்காகவோ எடுத்துக்கொண்டிருப்பான்போல, முகம் இறுகிப்போகும்.

மீன்மேல் அவளுக்குப் பிரியம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை மீனைக் கிழிக்கிறவள். ஆனால் சாவைத் தவிர வேறொன்றும் பேசாத அந்த வீட்டில், கதவைத் திறந்ததும் உயிரோடு எதிரே வருவது அது ஒன்றுதான். அதற்கு அவள் கை நாற்றம் பிடித்திருந்தது. அந்த நாற்றம் பிடித்திருக்கிற ஒரே ஜீவன் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

கட்டி கரையவில்லை. மருத்துவமனையில் ஊசி விட்டு உறிஞ்சினார்கள். முடிவு வரும் நாளன்று பிற்பகல் மூவருமாகப் போவதென்று பேச்சு. ஆ-லுவான் காலை வேலையை முடித்து, கூட வேலை செய்கிற ஸியோக் அக்காவிடம் எண்ணெய்ச் சட்டியை ஒப்படைத்தாள்.

"நல்லபடியாத்தான் வரும், போ. அவனுக்கு ஒண்ணும் இருக்காது. தொட்டதுக்கெல்லாம் சாமி கும்பிடற ஆளு இல்லையே, தைரியசாலி" என்றாள் ஸியோக் அக்கா.

"தைரியத்துக்குக் குறைச்சல் இல்லை."

மழை பிடித்துக்கொண்டது. நாலு மாடி ஏறி, கதவில் சாவியைப் போடும்போதே அந்த வாடை வந்தது. பட்டறைத் தரையைத் தினமும் அதைக் கொட்டித்தான் கழுவுகிறார்கள், அவள் மூக்குக்குத் தெரியாதா. பிளீச்.

ஹோக்-செங் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான். மருத்துவமனைக்குப் போக வெளுத்த சட்டை போட்டு, ஒரு கை மட்டும் மடித்து விட்டிருந்தான். கையில் தரை கழுவும் பாட்டில். மூடி கீழே உருண்டு கிடந்தது. தொட்டிக்குள் மீன் கண்ணாடியில் மோதி, கல்லில் மோதி, மேலே வந்து வாயைப் பிளந்தது. மறுபடி கண்ணாடியில் மோதியது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

அவன் திரும்பவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றான்.

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். பயந்துபோன மனுஷன், புருஷன், கழுத்தில் கட்டியோடு நிற்கிறான். வரவில்லை. அந்தப் புழுவைப் பார்த்தபோது வந்ததுதான் இப்போதும் தொண்டைவரை வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன். சாகறது மீனு, நோகறது உனக்கா என்று கேட்டு, அவள் கையால் அத்தனை சாவையும் அள்ள வைத்தவன்.

"எடுத்துரு" என்றான். "நான் தொடக்கூடாதுல்ல."

அவள் கையை விட்டாள். தண்ணீர் தோலை எரித்தது. மீன் உள்ளங்கையில் கிடந்து செவுளைத் திறந்து மூடியது. சாகவில்லை, இனிப் பிழைக்கவும் செய்யாது. தலைக்குப் பின்னால் எங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் நொடியில் முடியும் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தினாள். செய்தித்தாளில் சுற்றினாள். படி இறங்கும்போது கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மாமியார் எதிரே வந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பினாள்.

"போயிடுச்சா? இன்னிக்குப் பாத்து. இன்னிக்குப் பாத்துப் போயிடுச்சா."

ஆ-லுவான் அவளைத் தாண்டி இறங்கிப் போனாள்.

மருத்துவமனையில் டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, கெட்டது ஒன்றும் இல்லை என்றார். வெறும் நீர்க்கட்டி. முதல் நாளிலிருந்தே அதுவாகத்தான் இருந்திருக்கும், இனிமேல் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். ஹோக்-செங் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. மாமியார் நடுக்கூடத்திலேயே அழுதாள். ஆ-லுவானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சாகவில்லை என்பது அவளுக்கும் பெரிய விஷயம்தான். அதை அவள் மறுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் ஹோக்-செங் மூன்று பேருக்கும் சூப் சொன்னான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. மீன் உருண்டை போட்ட சூப். இரண்டு உருண்டையை ஒன்றாக வாயில் போட்டு மென்றுகொண்டே சொன்னான்.

"போற வழியில மேய்-குய் கடையில இறங்கிருவோம், அம்மா."

"அதைத்தான் நானும் நெனச்சேன். தொட்டி காலியா இருக்கக்கூடாது."

"இந்தத் தடவை கொஞ்சம் பெருசாப் பாத்து வாங்கணும்."

ஆ-லுவான் குச்சியைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் சிரிக்கவே இல்லை.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அந்த மீனு தானாச் சாகலை. உங்க மகன்தான் பிளீச்சை ஊத்திக் கொன்னாரு. நான் கண்ணால பாத்தேன்."

ஹோக்-செங் மெல்லுவதை நிறுத்தினான். மாமியார் சூப்பை ஒரு வாய் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். பாட்டிலைத் தொட்டி பக்கத்துல அவன் கண்ணுல படட்டும்னு வச்சுட்டுப் போனதே நான்தானே. நான் ஊத்தினா செல்லாது, அவன்தானே ஊத்தணும்."

அடுத்த மேசையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். மழைச் சத்தம் தகரக் கூரையில் கூடியது. சூப்பில் மிதந்த உருண்டை ஒன்றில் தன் பட்டறையின் சிவப்பு முத்திரை இருப்பதை ஆ-லுவான் பார்த்தாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"வாங்குங்க" என்றாள். "எடுத்துப் போட மட்டும் வேற ஆளைப் பாத்துக்குங்க."

"வேற ஆளு எதுக்கு? அதுக்குத்தானே நீ இருக்க" என்றாள் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

புருஷன் பேசுவானா என்று ஆ-லுவான் காத்திருந்தாள். அவன் நிதானமாக விழுங்கினான். கழுத்தில் அந்த உருண்டை ஏறி இறங்கியது.

"ஒரு மீனுதானே, ஆ-லுவான்" என்றான்.

வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்தது. மாமியார் முன்படியில் ஏறி, பையை வைத்து மூன்று பேருக்கு இடம் பிடித்தாள். ஹோக்-செங் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஆ-லுவான் ஏறவில்லை.